நாற்காலி, பங்கு, கையெழுத்து: குடும்பத் தொழிலை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும்போது நேரும் தவறுகள்

"எனக்கப்புறம் பெரியவன் பாத்துக்குவான்." திருப்பூர் பனியன் கம்பெனியோ, சிவகாசி அச்சகமோ, ராஜபாளையம் நூற்பாலையோ, பல குடும்பத் தொழில்களில் வாரிசுத் திட்டம் என்று இருப்பது இந்த ஒரு வரிதான். வரியில் தப்பில்லை. பெரியவன் எதைப் பார்த்துக்கொள்வான் என்று சொல்லாமல் விட்டதில்தான் வம்பு.

முதலாளி என்ற ஒரே ஆளிடம் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அன்றாடம் முடிவெடுக்கும் நாற்காலி ஒன்று. சொத்தாக நிற்கும் பங்கு இன்னொன்று. வங்கி, ஜிஎஸ்டி, மின்வாரியம் என எங்கும் செல்லுபடியாகும் கையெழுத்து மூன்றாவது. அவர் இருக்கும்வரை மூன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றாகவே தெரியும். அவர் போன மறுநாள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நாற்காலியில் குடும்பம் ஒப்புக்கொண்டவர் உட்காருவார். பங்கு, சட்டப்படி எல்லா வாரிசுகளுக்கும் போகும். கையெழுத்து யாருக்கும் போகாது, அவரோடு முடிந்துவிடும்.

முதலில் தொழிலை நிறுத்துவது இந்தக் கையெழுத்துதான். ஆனால் குடும்பங்கள் கடைசியாக யோசிப்பதும் அதைத்தான்.

சனிக்கிழமைச் சம்பளம்

உரிமையாளர் அல்லது கூட்டாளி ஒருவர் இறந்த தகவல் கிடைத்ததும் வங்கி சிசி அக்கவுண்ட்டை (தொழிலுக்குத் தினமும் எடுத்துக் கட்டும் கடன் கணக்கை) நிறுத்தி வைக்கும். மேனேஜர் இரக்கமில்லாதவர் என்பதால் அல்ல. கூட்டு நிறுவனத்தில் இறந்தவரின் சொத்து எவ்வளவு கடனுக்குப் பொறுப்பு என்பது அன்றைய தேதியோடு நிர்ணயமாக வேண்டும். கணக்கு தொடர்ந்து ஓடினால், உள்ளே வரும் ஒவ்வொரு தொகையும் பழைய கடனை முதலில் கழிக்கும். எடுக்கும் தொகையெல்லாம் புதுக்கடனாகிவிடும். புதுக்கடனுக்கு இறந்தவரின் சொத்தைத் தொட முடியாது. அதனால்தான் வங்கி கோடு போட்டு நிறுத்துகிறது. அவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த செக்குகளும் திரும்பும். பார்ட்டிகளிடமிருந்து பணம் வந்தாலும் எடுத்துச் சம்பளம் போட முடியாது.

அடுத்தது ஓடிபி. மாதக் கெடுக்கள் காத்திருக்காது: டிடிஎஸ் (பிடித்த வரி) 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) 11ஆம் தேதி, பிஎஃப் 15ஆம் தேதி, மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 3பி (ஜிஎஸ்டி கட்டும் படிவம்) 20ஆம் தேதி. போர்ட்டல்களில் பதிவாகியிருப்பது பெரும்பாலும் அப்பாவின் செல் நம்பர். துக்கத்தில் போனை யாரோ எடுத்து வைத்திருப்பார்கள், ரீசார்ஜ் முடிந்திருக்கும். இறப்புச் சான்றிதழோடு வரி அதிகாரியைப் பார்த்து வாரிசின் பெயரைச் சேர்த்த பிறகுதான் தாக்கல் மறுபடி நகரும்.

"அப்பா எனக்கு பவர் எழுதிக் கொடுத்திருக்கார், பிரச்சினையில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்ததும் பவரும் முடிந்துவிடும். அவர் ஊரில் இல்லாதபோதும் படுக்கையில் இருக்கும்போதும் உதவும் காகிதம் அது. அவர் போன பிறகு உதவாது.

தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் சிக்கல் இன்னொரு படி மேலே. அதன் ஜிஎஸ்டி பதிவு உரிமையாளரின் பான் எண்ணில் நிற்கிறது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும், ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணும் அப்படியே. மகன் தொடர வேண்டுமென்றால் தன் பானில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். அப்பாவின் கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி கிரெடிட்டை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) ஐடிசி-02 படிவம் வழியாகப் புதுப் பதிவுக்கு மாற்றலாம். 2019 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் புதுப் பதிவு, பிறகு ஐடிசி-02, கடைசியில்தான் பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பம். "அவர்தான் இல்லையே, முதல்ல பழசை குளோஸ் பண்ணிடலாம்" என்று ரத்துக்கு முந்துகிறவர்கள் கிரெடிட்டுக்காக அலைவார்கள். பாக்கி வரி மட்டும் தப்பாமல் வாரிசைத் தேடி வரும்.

ஆகவே தனி உரிமையாளராக இருந்துகொண்டு "வாரிசுத் திட்டம் போடுகிறேன்" என்பது பாதி வேலை. உயிரோடு இருக்கும்போதே அதைக் கூட்டு நிறுவனமாகவோ, எல்எல்பியாகவோ (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு), பிரைவேட் லிமிடெடாகவோ மாற்ற வேண்டும். மாற்றும்வரைக்குமாவது ஜிஎஸ்டி போர்ட்டலில் இரண்டாவது அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்தாளராக வாரிசைச் சேர்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

அப்பாவும் மகனும் மட்டும் கூட்டாளிகள்

இது நம்மூரில் மிகச் சாதாரணமான அமைப்பு. ஆடிட்டர் போட்டுக் கொடுத்த பத்திரத்தில் "ஒரு கூட்டாளி இறந்தாலும் நிறுவனம் கலையாது" என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரி மூன்று பேர் இருந்தால்தான் வேலை செய்யும். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒரு கூட்டாளியின் மரணத்தோடு நிறுவனம் கலையும். இருவரே இருந்து ஒருவர் இறந்தால், எஞ்சுபவர் ஒருவர். ஒருவரை வைத்துக் கூட்டு இல்லை. எந்த வரி எழுதினாலும் இதை மாற்ற முடியாது என்று 1965இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிகாரம் எளிது: அம்மாவையோ, மகளையோ, மருமகளையோ மூன்றாவது கூட்டாளியாகச் சேருங்கள். 5 சதவீதம் போதும். சேர்த்ததைப் பதிவாளரிடம் பதியுங்கள். பதிவில்லாத நிறுவனம் பாக்கி வசூலுக்கு வழக்குப் போட முடியாது.

அதே பத்திரத்தில் அனேகமாக விடுபடுவது, இறந்தவரின் பங்குக்கு என்ன விலை, எப்படிக் கொடுப்பது என்பது. "கணக்குப் புத்தகப்படி" என்று எழுதினால், 1988இல் வாங்கிய நிலம் அன்றைய விலையிலேயே நிற்கும்; மகள் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஒப்புக்கொள்ளவும் கூடாது. "சந்தை விலைப்படி" என்று மட்டும் எழுதிவிட்டால், அவ்வளவு பணத்தை ஒரே தவணையில் புரட்ட மெஷினை விற்க வேண்டிவரும். நடுவில் ஒரு வழி இருக்கிறது. நிலம், கட்டடத்துக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விலை, சரக்குக்கும் பாக்கிக்கும் கணக்குப்படி விலை, மொத்தத்தில் கால் பங்கு 6 மாதத்துக்குள், மீதி 12 காலாண்டுத் தவணைகளில் என்று எழுதலாம். எண்கள் உங்கள் வசதிப்படி மாறட்டும். முறை எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாமல், கணக்கும் தீர்க்காமல் தொழிலைத் தொடர்ந்தால், இறந்தவரின் வாரிசுகள் அந்தப் பங்கால் வந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, எது தங்களுக்கு நல்லதோ அதைக் கேட்கலாம். தம்பி பத்து வருஷம் ராப்பகலாக உழைத்துப் பெருக்கிய லாபத்தில் கணக்குக் கேட்டு நோட்டீஸ் வருவது இந்த வழியில்தான்.

ஓய்வு பெறும் அப்பாக்கள் செய்யும் தவறு வேறு. பத்திரத்தில் விலகியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பொது அறிவிப்புக் கொடுக்காதவரை வெளியாரைப் பொறுத்தவரை அவர் இன்னும் கூட்டாளிதான். மகன் நாளை வாங்கும் கடனுக்கும் அவர் பொறுப்பு. பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் ஒன்று, உள்ளூர் மொழிப் பத்திரிகை ஒன்றில் ஒன்று: மூன்றும் வேண்டும்.

பாட்டியின் பங்கு

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா ஆகியோருக்குச் சம பங்கு. கடைசிப் பெயரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு மனைவி, இரண்டு மகன், ஒரு மகள், உயிரோடு இருக்கும் அம்மா என்று வையுங்கள். மொத்தம் ஐந்து பங்கு, ஆளுக்கு 20 சதவீதம். கம்பெனியை நடத்தும் பெரியவனின் கையிலும் அதே 20தான்.

சில வருடத்தில் பாட்டி காலமாகிறார். அவருடைய 20 சதவீதம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அதாவது சித்தப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தைக்கு ஒரு பங்கு, இறந்துபோன அப்பாவின் பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு பங்கு. அப்பா தனியாளாக உருவாக்கிய தொழிலில், என்றைக்கோ பாகம் பிரிந்துபோன சித்தப்பாவும் அத்தையும் 6.67 சதவீதம் வீதம் பங்குதாரர்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, சட்டம் கொடுத்தது. இதைத் தவிர்க்க அப்பா உயில் எழுதியிருக்க வேண்டும், அல்லது பாட்டி உயில் எழுதியோ, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோ இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். இஸ்லாமியர்கள், மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. பக்கத்துக் கடைக்காரரின் உயிலை மாதிரியாக வைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

பூர்வீகச் சொத்தில் தன் பங்குக்கு மட்டும்தான் அப்பா உயில் எழுத முடியும். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகளும் பிறப்பால் பங்காளி. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. "கல்யாணத்துக்கு நூறு பவுன் போட்டாச்சு, அதோட சரி" என்பது வீட்டுப் பேச்சு. எழுதி வாங்காத வரை அதற்கு மதிப்பில்லை.

நாமினியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரைவேட் லிமிடெட் பங்குகளுக்கு எஸ்ஹெச்-13 படிவத்தில் மூத்த மகனை நாமினியாகப் போட்டுவிட்டு, பங்கு அவனுக்குத்தான் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. நாமினி பங்கை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. உரிமை வாரிசுகளுக்கு, அல்லது உயிலில் சொன்னவருக்கு. நாமினி பெயரும் உயிலில் உள்ள பெயரும் வேறு வேறாக இருந்தால் நீங்களே ஒரு வழக்குக்கு அடிக்கல் நாட்டிவிட்டீர்கள்.

இன்னொன்று, கம்பெனி விதிமுறைகளில் "பங்கை விற்பதானால் முதலில் குடும்பத்துக்குத்தான்" என்று இருக்கும். பல விதிமுறைகளில் அது விற்பனைக்கு மட்டும். இறப்பால் பங்கு கைமாறுவதற்கும் பொருந்தும் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

மகளுக்குக் கொடுத்த வீடு

உயில் எழுதும் அப்பாக்கள் நியாயமாக ஒரு கணக்குப் போடுவார்கள்: கம்பெனி மகனுக்கு, வீடு மகளுக்கு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது? வங்கியில், கம்பெனியின் கடன் வரம்புக்கு ஈடாக. மகளுக்குக் கிடைப்பது அண்ணன் கடனைக் கட்டினால்தான் மீளக்கூடிய வீடு. அண்ணன் ஒரு வருஷம் தடுமாறினால் ஏல நோட்டீஸ் தங்கை வீட்டுக் கதவில் ஒட்டப்படும். உயிலுக்கு முன்னால் ஈட்டை மாற்றுங்கள். வீட்டுக்குப் பதில் கம்பெனி நிலத்தை வையுங்கள், அல்லது வரம்பைக் குறைத்து வீட்டை மீட்டுவிடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. தொழிற்சாலை நிற்கும் இடம் அப்பாவின் சொந்தப் பெயரில், தொழில் மட்டும் கம்பெனி பெயரில். தொழில் மகனுக்கு, இடம் எல்லோருக்கும் என்றானால், மகன் அக்கா தங்கைகளின் வாடகைக்காரன். அதில் தப்பில்லை, பதிவு செய்த நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தம் அப்பா காலத்திலேயே இருந்தால். இல்லையென்றால் மாப்பிள்ளைகள் உட்கார்ந்து வாடகை பேசுவார்கள்.

கம்பெனிக் கடனுக்கு அப்பா போட்ட சொந்த ஜாமீனும் அப்படித்தான். பதவியிலிருந்து விலகினால் ஜாமீன் தானாக விலகாது. வங்கி எழுத்து மூலம் விடுவித்த கடிதம் கையில் வரும்வரை அவர் ஓய்வூதியக் காசும் அந்தக் கடனுக்கு அடியில்தான் இருக்கிறது.

உயில் எழுதும் முறையில் நேரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவரைவிட வயதில் இளையவர்கள், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் நல்லது, ஏனென்றால் தகராறு வந்தால் ஒருவராவது கூண்டேற வேண்டும். சொத்து வாங்குபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

"உயிலெல்லாம் எதுக்கு, இப்பவே எழுதிக் குடுத்துடறேன்" என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். உயிலை நூறு முறை மாற்றலாம். தானசெட்டில்மென்ட் பத்திரத்தைச் சாதாரணமாகத் திரும்பப் பெற முடியாது. ரேமண்டின் விஜய்பத் சிங்கானியா 2015இல் தன் 37 சதவீதப் பங்குகளை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வெளிப்படையாகவே வருந்தினார். எதுவுமே எழுதாமல் போவதற்கும் உதாரணம் உண்டு. திருபாய் அம்பானி 2002இல் உயிலின்றி இறந்தார். இரு மகன்களுக்கும் இடையே சமரசம் வர 2005 ஜூன் ஆயிற்று. எங்கள் யோசனை: நிர்வாகத்துக்குத் தேவையான பங்கை மட்டும் இப்போது கொடுங்கள், தாங்கள் இருக்கும் வீடும், மாத வருமானம் தரும் ஏதோ ஒன்றும் பெற்றோர் பெயரிலேயே இருக்கட்டும்.

நாற்காலி

இதைப் பற்றித்தான் எல்லாக் கருத்தரங்குகளிலும் பேசுகிறார்கள் என்பதால் குறைவாகவே சொல்கிறோம்.

படித்து முடித்த மறுநாளே டைரக்டர் அறையில் உட்கார வைப்பது தவறு. இரண்டு மூன்று வருடம் வெளியே வேறு யாரிடமாவது சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். உள்ளே வந்த பிறகு ஸ்டோர்ஸ், கொள்முதலில் ஆறு மாதம். டெலிவரி, வசூலில் ஆறு மாதம். வங்கி, கணக்கில் ஒரு வருடம். வசூல் முக்கியம். பாக்கி கேட்டுப் பார்ட்டி வாசலில் காத்திருந்தவர்தான் கடன் கொடுக்கும்போது யோசிப்பார். அதிகாரத்தை ரூபாயில் எழுதிக் கொடுங்கள்: முதல் வருடம் 50,000 வரை தனியாக, அடுத்த வருடம் 5 லட்சம், அதற்கடுத்து 25 லட்சம், அதற்கு மேல் இருவர் கையெழுத்து. வரம்புக்குள் எடுத்த முடிவு தப்பாகவே போனாலும் அப்பா அதை ஊழியர் முன்னால் மாற்றக் கூடாது. ஒரே ஒரு முறை மாற்றினால் போதும்; மறுநாளிலிருந்து கணக்குப்பிள்ளை முதல் லோடுமேன் வரை "பெரிய முதலாளியைக் கேட்டுக்கலாம்" என்று போய்விடுவார்கள்.

வேலை பார்க்கும் பிள்ளைக்குச் சம்பளம், பங்குள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் லாபம்: இரண்டையும் கலக்காதீர்கள். சம்பளமில்லாமல் உழைக்கும் மகன் பிறகு லாபத்தில் அதிகம் எடுப்பான். அது திருட்டாகத் தெரியும். கூட்டு நிறுவனத்தில் உழைக்கும் கூட்டாளியின் ஊதியம் பத்திரத்தில் இருந்தால்தான் வருமான வரியிலும் செலவாகக் கழியும்.

அண்ணன் தம்பிக்கு 50க்கு 50 என்பது பாசம், நிர்வாகம் அல்ல. இருவரும் முரண்டு பிடித்தால் ஒரு மெஷின்கூட வாங்க முடியாது. மூன்றாவதாக ஒரு சிறு பங்கோ, இருவரும் ஏற்கும் வெளியாள் ஒருவரின் தீர்ப்போ எழுத்தில் வேண்டும். "ஒருவர் விலை சொல்ல, மற்றவர் அந்த விலைக்கு வாங்கவோ விற்கவோ செய்யலாம்" என்ற நிபந்தனையைச் சிலர் சொல்வார்கள். கையில் காசுள்ளவனுக்குச் சாதகமான ஏற்பாடு அது. பணம் புரட்ட ஆறு மாத அவகாசமும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டே டைரக்டர்கள், அப்பாவும் அம்மாவும் என்றிருக்கும் பிரைவேட் லிமிடெட்டுகளுக்கும் இதே கதி. ஒருவர் போனால் மிஞ்சும் ஒரே டைரக்டர், குறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) வருமளவு டைரக்டரைச் சேர்க்கவோ பொதுக்குழுவைக் கூட்டவோதான் முடியும். வங்கித் தீர்மானம்கூடப் போட முடியாது. மூன்றாவது டைரக்டரை இன்றே சேருங்கள்.

பங்கு ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம் என்று நிற்கும்போது பெரிய வீடுகளும் தப்புவதில்லை. முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவர் குடும்பத்திடம் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் 8 சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் மற்ற பங்குதாரர்கள் வாக்களித்து மறுத்தார்கள். சமரசம் 2023 ஆகஸ்டில் வந்தது. மகளுக்குப் பங்கு உண்டு என்று சட்டம் சொன்ன பிறகு, அந்தப் பங்குக்கு மேசையில் எந்த இடம் என்பதைக் குடும்பம்தான் முன்கூட்டியே எழுத வேண்டியிருக்கிறது. நிர்வாகத்தில் சேரலாமா, சேர்வதற்கு என்ன தகுதி, சேராவிட்டால் லாபம் எப்படி, விற்க விரும்பினால் யார் எந்த விலைக்கு வாங்குவது என்று எல்லாமே.

1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குடும்பம் வேறு வழியில் போனது. 2020 டிசம்பரில் குடும்ப ஏற்பாட்டு ஒப்பந்தம் போட்டு, எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்துகிறதோ அந்தக் கம்பெனியின் உடைமையும் அந்தக் கிளைக்கே சேரும்படி பிரித்துக்கொண்டார்கள். நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. சண்டை முற்றிய பிறகு போட்ட பாகப்பிரிவினை அல்ல. அதுதான் கவனிக்க வேண்டியது.

சின்னத் தொழிலில் எங்கிருந்து தொடங்குவது? அப்பாவை 15 நாள் காசிக்கோ மகள் வீட்டுக்கோ அனுப்புங்கள். சம்பள நாளும் 20ஆம் தேதியும் அந்த 15 நாளுக்குள் வர வேண்டும். போன் அவரிடமே இருக்கட்டும், அணைத்தபடி. எந்த செக் நின்றது, எந்த ஓடிபி வரவில்லை, எந்த நூல்காரர் "முதலாளி சொன்னாத்தான் லோடு ஏத்துவேன்" என்றார், கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு எந்தச் சீட்டுமே இல்லை என்பதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அவர் திரும்பி வந்ததும், ஆடிட்டரையும் வைத்துக்கொண்டு, அந்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.